செவ்வாயில் யார் குடித்தனம் பண்ணுவது?

திருவண்ணாமலை

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். நீ நலமாக இருக்கிறாய் என்பது பத்திரிகையில் வந்திருக்கும் உன் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பிறகு எதற்கு ஆவல்? மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேலே எதையோ பார்க்கிறாய். "வானத்தைப் பாருங்க சார்" என்று படம் எடுத்தவன் சொல்லியிருப்பான். உனக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்கும் எருமையே தெரியாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பின்னால் உன் ராக்கெட் ஆபீஸ் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று பேர் என்று கை தவறி எழுதவில்லை. விமலா இங்கேதான் இருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பெங்களூர் பஸ் நம் வீட்டுக்கு எதிரிலேயே நின்றது. செங்கம் ரோட்டில் கண்டக்டர் இப்படி மனசு வைத்து நிறுத்துவது ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்குத்தான். வாடகைக்கு ரூம் கேட்டு யாரோ வருகிறார்கள் என்று நினைத்து, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இறங்கியது உன் பெண்டாட்டி. ஏழு மாத வயிற்றோடு, ஒரு கையில் பெட்டி, மறு கையில் கூஜா. பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். "என்னம்மா, தனியா வந்திருக்க? அவன் வரல?" என்று கேட்டேன். "அவரு ஊருக்குப் போறாராம் அத்தே, அதான் நான் முன்னாடியே வந்துட்டேன்" என்றாள். எந்த ஊருக்கு என்றேன். "செவ்வாய்க்கு" என்றாள். நான் கிழமையைச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். "செவ்வாக்கிழமை போயிட்டு என்னைக்கு வர்றானாம்?" என்று கேட்டேன். "திரும்ப வரமாட்டாராம்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

பெட்டியில் புடவைகளுக்கு மேலேயே அந்தப் பத்திரிகை இருந்தது. வேற்றுக் கிரகங்களில் மனிதன் குடியேறுவானா என்று நான்கு பக்கத்துக்கு உன் பேட்டி. படித்தேன். உங்கப்பா வந்ததும் அவரிடம் கொடுத்தேன், அவரும் படித்தார். அவர் முகத்தில் பெருமை வழிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தாலுகா ஆபீசில் எல்லாரும் பார்க்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போகக் கிளம்பினவரை நான்தான் பிடித்து உட்காரவைத்தேன். கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். திரும்பி வர வழியே இல்லாத பயணம் என்றாலும் போவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நாளைக்கே கிளம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். "பேட்டின்னா அப்படித்தாண்டி ஜாஸ்தியா சொல்லுவாங்க" என்றார் உங்கப்பா. "ஜாஸ்தியா சொல்றதுன்னா, பெண்டாட்டிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு ஒரு வார்த்தை ஜாஸ்தியா சொல்லியிருக்கலாமே" என்றேன். பேப்பரை எடுத்து விசிறிக்கொண்டார்.

நீ யோசித்துத் தயங்கி, கண் கலங்கிச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிரிக்கிறார்' என்று போட்டிருக்கிறது. சிரித்தாயாமே. சந்தைக்குப் போய்ச் சாயங்காலமே திரும்பி வரப்போகிறவன்கூட வாசலில் நின்று என்ன வேண்டும் என்று ஒரு குரல் கேட்டுவிட்டுப் போகிறான்.

என்னையும் அந்தப் பேட்டியில் இழுத்து விட்டிருக்கிறாய். செவ்வாயில் பகல் நம் பகலைவிடக் கொஞ்சம்தான் நீளம், ஆகையால் எங்கள் அம்மா அங்கே வந்தாலும் பொழுதோடு சாப்பிட்டுவிடலாம் என்று ஒரு கிண்டல். இருட்டின பிறகு வாயில் பருக்கை வைக்காத ஜைனக் குடும்பம் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் வேறு. சிரிக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. நிலாவில் மனிதன் இறங்கினான் என்று ரேடியோவில் சொன்ன வருஷம் நீ எங்கோ படித்துவிட்டு ஓடிவந்து, "அம்மா, நிலாவுல ராத்திரி அரை மாசமாம், அரை மாசம் சாப்பிடாம இருந்தா நாம செத்துடுவோமா?" என்று கேட்டாய். கண்ணெல்லாம் தண்ணீர். ஊரில் மற்ற பிள்ளைகள் எல்லாரும் ராக்கெட் எவ்வளவு உயரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீ ஒருத்தன்தான் அங்கே போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டாய். பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது என்று அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். பெரியவனாகிப் படித்துப் பட்டம் வாங்கி அந்தப் புத்தியைத் தொலைத்துவிட்டு நிற்கிறாய்.

குடியேறுவதாம். வேங்கிக்காலில் குடியேறிய லட்சணம் உனக்கு மறந்து போயிருக்கும், எனக்கு மறக்கவில்லை. டவுன் இரைச்சல் வேண்டாம், வருங்காலத்தில் எல்லா ஆபீசும் அந்தப் பக்கம்தான் வரப்போகிறது என்று எவனோ சொன்னதைக் கேட்டு, உங்கப்பா அங்கே பாறைக்கு நடுவில் ஒரு மனையைப் பிடித்துச் சின்னதாக வீடு கட்டினார். சுற்றிலும் கருவேல முள்ளும் கல்லும்தான். கிணறு தோண்டினால் கடப்பாரை வளைந்தது. தண்ணீர் வண்டிக்காரன் வந்தால் வந்தான், வராவிட்டால் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு முகத்தைக் கழுவுவதா அரிசியைக் கழுவுவதா என்று நான் யோசிக்க வேண்டும். வருங்காலம் வரும்வரை காத்திருக்க முடியாது என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? நீதான். விளையாட ஆள் இல்லை, டீக்கடை ரேடியோ சத்தம் கேட்கவில்லை, எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு அழுதாய். கோடையைத் தாண்டுவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுக்கே திரும்பி வந்தோம். வேங்கிக்கால் கூப்பிட்டால் மாட்டுவண்டி வந்துவிடுகிற தூரம்தான். காற்று இருந்தது, மழை இருந்தது, வாரத்துக்கு ஒரு தரம் கீரைக்காரியாவது வந்து எட்டிப் பார்த்தாள். அங்கேயே காலூன்ற முடியாத மகாராசா காற்றே இல்லாத இடத்தில் போய் நகரம் கட்டப்போகிறாராம்.

நீ சொல்லும் நகரத்தையும் பார்த்தேன். படம் போட்டிருக்கிறார்கள். கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ளே ஆணும் பெண்ணும் கையை வீசிக்கொண்டு நடக்கிறார்கள். காற்று டப்பாவில் வருமாம். குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், இன்னும் எழுதக் கூசுகிற தண்ணீர் எல்லாவற்றையும் சுத்தம் செய்து திரும்பவும் குடிப்பார்களாம். கிழங்கு பயிராகுமாம். மண்ணைத் தோண்டி எடுக்கிறதை ஜைனர் தொடமாட்டோம், நம் வீட்டு அடுப்பில் ஒரு நாளும் கிழங்கு ஏறினதில்லை என்பதை அந்த இடத்தில் மட்டும் சொல்ல மறந்துவிட்டாய். வெளியே போக வேண்டுமென்றால் மூட்டைபோல் உடுப்பை மாட்டிக்கொண்டு போகவேண்டும், ஒரு தையல் பிரிந்தால் ஆள் காலி. இதற்குப் பெயர் ஊரா? ஆஸ்பத்திரியில் பெரிய வியாதிக்காரர்களை இப்படித்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருப்பார்கள். சீக்கிரம் வெளியே விடுங்கள் என்று அவர்கள் கெஞ்சுவார்கள், நீங்கள் உள்ளே விடச்சொல்லி மனு போடுகிறீர்கள்.

ராக்கெட்டே விடாதே என்று நான் சொல்வதாக நினைக்காதே. விடட்டும், மழை எப்போது வரும் என்று பார்த்துச் சொல்லட்டும், படம் பிடிக்கட்டும். ஆனால் உங்கள் ஆட்களின் சாமர்த்தியத்தையும் பார்த்திருக்கிறேன். மேலே அனுப்பினதைப் பத்திரமாக இறக்கத் தெரியாமல், ஸ்கைலாப் என்கிற அந்த ஆகாய வண்டி தலையில் விழப்போகிறது என்று ஊரையே நடுங்க வைத்தார்கள். உலகம் முடியப்போகிறது, இருக்கிறதை அடித்துத் தின்றுவிடுவோம் என்று சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டில் ஆட்டையும் கோழியையும் அறுத்தார்கள்! அது கடைசியில் எங்கோ போய் விழுந்தது. நம் பக்கத்தில் செத்தது அந்த வாயில்லா ஜீவன்கள்தான். அதற்கு எந்த விஞ்ஞானியும் வருத்தம் தெரிவித்ததாக நான் படிக்கவில்லை.

முடியுமா முடியாதா என்று நான்கு பக்கம் பேசியிருக்கிறாய். முடியும் என்றே வைத்துக்கொள். இன்னும் நூறு வருஷத்தில் எவனோ ஒருத்தன் அங்கே போய்க் கண்ணாடிக் கிண்ணத்தில் படுத்துத் தூங்கி எழுந்துவிடுவான். அது குடியேறுவது. குடித்தனம் வேறு. நான் பின்பக்கத்து மூன்று ரூமை வாடகைக்கு விட்டு இத்தனை வருஷமாக ஆட்களைப் பார்க்கிறேன். வந்து பெட்டியை இறக்கினவன் எல்லாம் குடியேறினவன்தான். அடுத்த வீட்டில் சர்க்கரை கடன் வாங்கி, குழாயடியில் சண்டை போட்டு, மறுநாள் அதே ஆளின் குழந்தைக்கு ஜுரம் என்றால் கஷாயம் போட்டுக் கொடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற விருந்தாளிக்கு முணுமுணுத்துக்கொண்டே இலை போடுகிறவன்தான் குடித்தனக்காரன். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வாழ்வதையும் நாம் குடித்தனம் என்றுதான் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்தவர்கள் தெரியாமல் வைக்கவில்லை. உன் செவ்வாய்க்குச் சொல்லாமல் கொள்ளாமல் யார் வந்து நிற்பார்கள்?

தாடிக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசி ரூமில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தாரே, உலகத்தை விட்டுவிட்டேன், இனி சாகும்வரை இந்த மலையடிவாரம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். நீ காலேஜ் லீவில் வந்திருந்தாய். அவர் தேசத்திலிருந்து அவருடைய மகள் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வெயிலில் சிவந்து, மெட்ராஸிலிருந்து பஸ் ஏறி, விலாசத் துண்டைக் காட்டிக் காட்டி வழி கேட்டுக்கொண்டு வந்த பெண். அவர் மௌனம் இருக்கிற நாள் அது. கதவைத் தட்டினதும் பாதி திறந்தார், பார்த்தார், சிலேட்டில் ஏதோ எழுதி நீட்டினார், மூடிக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று உன்னைக் கேட்டேன். "அப்புறம் பார்க்கலாம்னு எழுதியிருக்காரும்மா" என்றாய். அந்தப் பெண் நம் முற்றத்தில் தன் மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயும் முன்னால் அவளைச் சாப்பிட வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு மெட்ராஸ் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். நீதான் சைக்கிளில் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தாய். வந்ததும் என்னிடம், "அம்மா, அந்தாளு மனுஷனே இல்ல, ரூமைக் காலி பண்ணச் சொல்லு" என்று கத்தினாய். நானும் அந்த மாதமே காலி பண்ணச் சொல்லிவிட்டேன். நல்ல வாடகைக்காரர்தான், இருந்தாலும் அவர் முகத்தில் விழிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது உன் பேட்டியில் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார். காற்றுக்கு ஒரு பத்தி, தண்ணீருக்கு ஒரு பத்தி, கிழங்குக்கு ஒன்றரைப் பத்தி. அங்கே குழந்தைகள் பிறக்க முடியுமா என்று கேட்டதற்கு ஒரே வரி. உடம்பின் எடை அங்கே மூன்றில் ஒரு பங்குதான், அந்த இடத்தில் வயிற்றுப் பிள்ளை எப்படி வளரும் என்று யாருக்கும் தெரியாது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறாய். சிலேட்டு இல்லாததுதான் குறை. விமலா அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறாள். நாளைக்கே கிளம்புகிறேன் என்ற பக்கத்தை மடிக்கவில்லை. உனக்கு எது பெரிய தப்பு, எது சின்னத் தப்பு என்று தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகாமல் ஏன் மாமியார் வீட்டுக்கு வந்தாள் என்று உனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை என்றால் அதிலும் எனக்கு ஆச்சரியமில்லை. நானே அவளைக் கேட்டேன். "அங்க போனா பத்திரிகையைப் பார்த்துடுவாங்க அத்தே. பார்த்தா எங்கம்மா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும்" என்றாள். எனக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய். செவ்வாய் தோஷம், புருஷனுக்கு ஆகாது என்று வந்த வரன் எல்லாம் தட்டிப்போயிற்று. வந்தவாசிப் பக்கத்தில் அவர்கள் வீட்டில் நாம் பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதைச் சொன்னார். நீ எழுந்து நின்றாய். "மாமா, அது எங்கேயோ சுத்திக்கிட்டிருக்கிற சிவப்புக் கல்லு. அது இந்தப் பொண்ணோட வாழ்க்கையில வந்து என்ன பண்ணிடும்?" என்றாய். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அன்றைக்கு உன்னைப் பெற்றதற்கு நெஞ்சு நிறைந்தது. இப்போது அந்தச் சிவப்புக் கல் அவள் புருஷனைக் கொண்டுபோகிறேன் என்கிறது, அவனும் சிரித்துக்கொண்டே வருகிறேன் என்கிறான். "கடைசியில ஜோசியர் சொன்னதுதான் சரியாப் போச்சு இல்ல அத்தே?" என்று கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அந்த ஜோசியக்காரனை ஜெயிக்கவிட்டுவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ வேலை பார்க்கும் இடத்தில் யாரும் உன்னை நாளைக்கு அனுப்பப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படி ஒரு வண்டியே இன்னும் செய்யவில்லை என்று நீயே அதே பேட்டியில் சொல்லியிருக்கிறாய். சும்மா சொன்னதுதானே என்று நீ பதில் எழுதுவாய், அதற்குத்தான் இதை முன்னாலேயே எழுதுகிறேன். இல்லாத வண்டிக்காக இருக்கிற குடும்பத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். வண்டி இருந்து சொல்லியிருந்தாலாவது ஒரு ஆசை, ஒரு கட்டாயம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். "ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிக்கு நான் தனியாத்தான் போயிட்டு வர்றேன். அவருக்கு லீவு கம்மி" என்று நேற்றைக்குச் சொன்னாள். பேட்டி கொடுக்க அரை நாள் லீவு போட்டிருக்கிறாய், அதையும் அவள்தான் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குறை சொல்லத் தெரியாது, அதனால்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறாள். இனிமேல் பெங்களூருக்குத் திரும்புவதா என்பதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. குழந்தை பிறந்து கொஞ்சம் தேறின பிறகு இங்கேயே ஏதாவது ஸ்கூலில் டீச்சர் வேலை கிடைக்குமா என்று உங்கப்பாவிடம் விசாரித்திருக்கிறாள். அவரும் விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பத்திரிகையை மடித்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார், பெருமையெல்லாம் இறங்கிவிட்டது.

இவ்வளவையும் எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியதை அவளுக்குத் தெரியாமல் அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை. முழுக்கப் படித்தாள். எருமை என்று எழுதிய இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். "அவனை வரச்சொல்லி எழுதட்டுமா, வேண்டாமா? நீ எது சொல்றியோ அதைத்தான் எழுதுவேன்" என்றேன். உள்ளே குழந்தை உதைத்திருக்க வேண்டும், வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "வரச்சொல்லுங்க அத்தே. எனக்காகன்னு எழுதாதீங்க. பிரசவ ரூமுக்குள்ள நான் இருக்கிறப்ப வெளிய ஒரு ஆளு பயந்துக்கிட்டு நிக்கணும் இல்ல? அதுக்கு அவருதானே வரணும், வேற யாரு வருவாங்க?"

அதற்குத்தான் கூப்பிடுகிறேன். அதற்கப்புறம் உன்னோடு குடித்தனம் பண்ண வருவாளா என்று நான் கேட்கவில்லை, நீயும் வந்ததும் கேட்காதே. லீவு போடு. பஸ் ஏறு. வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று பயப்படு.

அம்மா